கிருமியைத் தேடினார்கள், தவிட்டைக் கொட்டினார்கள்

1904-05-ல் ரஷ்யாவும் ஜப்பானும் மோதிய போரில் ஜப்பான் ஜெயித்தது என்று பள்ளியில் படித்திருப்போம். தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகக்கூட வந்திருக்கும். ஆனால் அந்தப் போரில் ஜப்பானியத் தரைப்படை வீரர்களில் சுமார் 27,000 பேர் ரஷ்யக் குண்டு படாமலேயே செத்துப்போனார்கள் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. பட்டினியால் சாகவில்லை. மூன்று வேளையும் வயிறு முட்டச் சாப்பிட்டார்கள். பளபளவென்று தீட்டிய, மல்லிகைப்பூ மாதிரி வெள்ளைச் சோறு. செத்ததே அதனால்தான்!

நோயின் பெயர் பெரிபெரி. சிங்களத்தில் 'பலவீனம்' என்று பொருள்படும் சொல்லை இரண்டு முறை அடுக்கிச் சொன்னதிலிருந்து வந்த பெயர் என்று அகராதிகள் சொல்கின்றன. முதலில் கால் மரத்துப்போகும். கெண்டைக்கால் சதையைத் தொட்டால் வலிக்கும். பிறகு நடை தடுமாறும். சிலருக்கு உடம்பு வற்றிக்கொண்டே போகும், சிலருக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, இதயம் நின்றுவிடும். நேற்று வரை மூட்டை தூக்கியவன் சில வாரங்களில் எழுந்து நிற்க முடியாமல் கிடப்பான்.

இன்று எட்டாம் வகுப்பு மாணவனைக் கேட்டாலும் 'வைட்டமின் பி1 குறைபாடு' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவான். சரி, இவ்வளவு சின்ன விஷயத்தைக் கண்டுபிடிக்க ஏன் ஐம்பது வருடம் ஆனது? அதுவும் உலகின் மிகப் படித்த மருத்துவர்கள் உட்கார்ந்து தேடியும்?

அறிவியல் வரலாறு என்றாலே நம் மனதில் ஒரு சினிமா ஓடும். ஒரு பக்கம் மூடநம்பிக்கையில் மூழ்கிய மக்கள், மறுபக்கம் உண்மையைக் கையில் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கும் விஞ்ஞானி. கடைசி ரீலில் விஞ்ஞானி ஜெயிப்பார். பெரிபெரி கதையில் இந்தப் படம் அப்படியே தலைகீழ். இங்கே ஆட்களைக் கொன்றதில் பெரிய பங்கு ஒரு மூடநம்பிக்கைக்கு இல்லை. ஒரு *சரியான* அறிவியல் கொள்கைக்கு!

அந்தக் கொள்கை, 'நோய்களைக் கிருமிகள் உண்டாக்குகின்றன' என்பது. பாஸ்டரும் காக்கும் அதை நிலைநாட்டிய காலம். 1882-ல் காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் உலகத்துக்குக் காட்டினார். அதற்குப் பிறகு காலரா, டிப்தீரியா என்று வரிசையாகக் கிருமிகள் மாட்டிக்கொண்டே இருந்தன. மைக்ராஸ்கோப் வைத்திருந்த ஒவ்வொரு இளம் மருத்துவருக்கும், அடுத்த கிருமியை நாம்தான் பிடிக்கப் போகிறோம் என்ற கனவு. எந்த நோயைப் பார்த்தாலும் 'இதற்குள் என்ன நுழைந்தது?' என்றே கேட்டார்கள். 'இதிலிருந்து என்ன காணாமல் போனது?' என்ற கேள்வி அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

(வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இது ரொம்ப நன்றாகப் புரியும். கணக்கில் ஒரு தொகையை ஒரு பக்கம் மட்டும் தப்பாக எழுதினால் இருப்பாய்வு காட்டிக்கொடுத்துவிடும், இரண்டு பக்கமும் ஒத்துப்போகாது. ஆனால் ஒரு நடவடிக்கையை ஏட்டில் எழுதவே இல்லை என்றால்? அது முழு விடுபிழை. பற்றும் வரவும் அழகாக ஒத்துப்போகும், தப்பு மட்டும் உள்ளே உட்கார்ந்திருக்கும். கிருமி என்பது ஏட்டில் இருக்கிற தப்பு. பெரிபெரி விடுபிழை.)

ஜப்பானிலிருந்தே ஆரம்பிப்போம். அங்கே வெள்ளைச் சோறு என்பது வெறும் சாப்பாடு இல்லை, அந்தஸ்து. கிராமத்து ஏழைகள் பார்லியும் தினையும் கலந்து தின்றார்கள், நகரத்துக்காரர்கள் தீட்டிய அரிசி தின்றார்கள். அன்று எடோ என்று பெயர் கொண்டிருந்த டோக்கியோவுக்கு வேலையாக வருகிறவர்களுக்குக் கால் மரத்துப்போகும், ஊருக்குத் திரும்பினால் சரியாகிவிடும். அதனால் அதற்கு 'எடோ நோய்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். பிறகு நவீன ராணுவம் வந்தது. தரைப்படையில் சேர்ந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 900 கிராம் வெள்ளை அரிசி! வீட்டில் பண்டிகைக்குப் பண்டிகை மட்டும் அதைப் பார்த்த விவசாயி மகனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கடற்படையில் தாகாகி கனேஹிரோ என்று ஒரு மருத்துவர். 1875 முதல் 1880 வரை லண்டனில் படித்துவிட்டு வந்தவர். அவர் பார்த்தது எளிமையான ஒரு விஷயம். ஒரே கப்பலில் அதிகாரிகளுக்குப் பெரிபெரி அவ்வளவாக வருவதில்லை, மாலுமிகளுக்கு வருகிறது. ஒரே காற்று, ஒரே தண்ணீர். வேறாக இருப்பது சாப்பாடு மட்டும். 1882-83-ல் 'ரியூஜோ' என்ற பயிற்சிக் கப்பல் நியூசிலாந்து, தென் அமெரிக்கா, ஹவாய் என்று சுற்றிவிட்டு வந்தது. 376 பேர் போனதில் 169 பேருக்குப் பெரிபெரி, 25 பேர் இறந்தார்கள். தாகாகி அரசாங்கத்திடம் போராடி, 1884-ல் 'சுகுபா' என்ற இன்னொரு கப்பலை அதே வழியில் அனுப்ப வைத்தார். இந்த முறை இறைச்சி, பால், ரொட்டி எல்லாம் கொடுத்து, அரிசியைக் குறைத்தார். முந்நூறு பேருக்கு மேல் போன அந்தக் கப்பலில் நோய் வந்தவர்கள் சுமார் பதினைந்து பேர். இறந்தவர் ஒருவரும் இல்லை. பிறகு கடற்படை முழுவதும் சோற்றில் பார்லி கலந்தார்கள். இரண்டே ஆண்டுகளில் பெரிபெரி ஏறக்குறைய காணாமலே போனது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும், இல்லையா? முடியவில்லை. காரணம் கேட்டபோது தாகாகி சொன்ன பதில் தப்பு! சாப்பாட்டில் புரதம் குறைந்ததுதான் பிரச்சினை என்று அவர் நினைத்தார். தரைப்படை மருத்துவர்களும் டோக்கியோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களும் பெரும்பாலும் ஜெர்மானிய மருத்துவ வழி வந்தவர்கள், ஆய்வுக்கூட அறிவியலில் கெட்டி. அவர்கள் தாகாகியின் விளக்கத்தில் இருந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஓகாதா மாசானோரி 1885-ல் பெரிபெரிக் கிருமியையே கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். (அது தப்பு என்று காட்டியவர்களில் ஒருவர் இன்னொரு ஜப்பானியரான கிடசாதோ.) தரைப்படை மருத்துவரான மோரி ரின்டாரோ 1889-ல் ஒரு பரிசோதனை செய்தார். வெள்ளைச் சோறு, பார்லி கலந்த சோறு, மேற்கத்திய உணவு மூன்றையும் அளந்து பார்த்தார். கலோரியிலும் புரதக் கணக்கிலும் முதலிடம் வெள்ளைச் சோற்றுக்கு! அன்றைக்கு அளக்கத் தெரிந்ததை எல்லாம் ஒழுங்காக அளந்தார். அளக்கத் தெரியாத ஒன்று இருக்கலாம் என்று மட்டும் நினைக்கவில்லை.

இந்த மோரி யார் என்றால், மோரி ஓகாய் என்ற பெயரில் ஜப்பானியர்கள் இன்றும் கொண்டாடுகிற பெரிய எழுத்தாளர். எழுத்தாளரை ரசிக்கிறவர்கள் இந்த அத்தியாயத்தைச் சங்கடத்தோடுதான் கடக்க வேண்டியிருக்கிறது. அவர் ஒருவர் தலையில் மட்டும் எல்லாவற்றையும் கட்டுவதும் நியாயமில்லை. அவருக்கு மேலே இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். எனக்குக் கோபம் வருவது வேறொரு விஷயத்தில். அதே தரைப்படையின் ஒசாகா பிரிவில் 1884-லேயே பார்லி கலந்து நோயைக் குறைத்துக் காட்டியிருந்தார்கள். கண் முன்னால் எண்கள் இருந்தன. 'ஏன் என்று விளக்கு, பிறகு நம்புகிறோம்' என்று தலைமை காத்திருந்தது. 1894-95 சீனப் போரில் பெரிபெரிக்குச் சுமார் 4,000 பேர் பலியானார்கள், அது சண்டையில் செத்தவர்களைப் போல பல மடங்கு. பத்து வருடம் கழித்து ரஷ்யப் போரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய், நான் முதலில் சொன்ன 27,000 பேர் சாவு. அதே போரில் கடற்படையில் இந்த நோய் ஏறக்குறைய இல்லவே இல்லை. 1905-ல்தான் தரைப்படை தன் சோற்றிலும் பார்லி கலக்க உத்தரவிட்டது.

தாகாகிக்குச் சொல்லத் தெரியாத அந்த 'ஏன்' என்பதன் நுனி கிடைத்தது ஜப்பானில் அல்ல, ஜாவாவில். அன்று அது டச்சுக்காரர்களின் காலனி. அவர்களுடைய படையிலும் சிறைகளிலும் பெரிபெரி தலைவிரித்தாடியதால், 1886-ல் ஒரு குழுவை பட்டேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பினார்கள். குழுவும் கிருமியைத்தான் தேடியது, படை முகாம்களுக்குக் கிருமிநாசினி அடிக்கச் சொல்லிவிட்டு ஊர் திரும்பியது. உதவிக்கு வந்த கிறிஸ்டியான் ஐக்மன் மட்டும் அங்கேயே தங்கி ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொண்டார். அவரும் காக்கிடம் பாடம் படித்தவர்தான்.

1889-ல் அந்த ஆய்வுக்கூடத்துக் கோழிகளுக்குக் கால் இழுத்துக்கொண்டது. நோய் கொடுத்த கோழிக்கும் வந்தது, கொடுக்காத கோழிக்கும் வந்தது. கொஞ்ச மாதம் கழித்துத் தானாகவே எல்லாம் எழுந்து நடந்தன. என்னடா இது என்று விசாரித்தால், நடுவில் கோழிகளுக்கு ராணுவ மருத்துவமனைச் சமையலறையிலிருந்து மிச்சச் சோறு போட்டிருக்கிறார்கள். தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு. பிறகு புதிதாக வந்த சமையல்காரர், ராணுவ அரிசியைச் சாதாரணக் கோழிகளுக்குக் கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டார்! கோழிகள் பழைய தீவனத்துக்குத் திரும்பி, பிழைத்துக்கொண்டன. ஐக்மனே பிற்காலத்தில் இதை எழுதி வைத்திருக்கிறார். மருத்துவ வரலாற்றில் ஒரு கஞ்சத்தனத்துக்கு இவ்வளவு பலன் கிடைத்ததாக நான் வேறெங்கும் படித்ததில்லை :-)

அதன் பிறகு அவர் முறையாகச் சோதித்தார். தீட்டிய அரிசி போட்டால் கோழிக்கு நோய், தவிட்டைச் சேர்த்தால் குணம். அவருடைய நண்பர் வோர்டர்மன் ஜாவாவின் 101 சிறைகளைச் சுற்றி வந்து கணக்கெடுத்தார். கைதிகள் ஏறக்குறைய 2,80,000 பேர். தவிடு போகாத அரிசி கொடுத்த 37 சிறைகளில் ஒன்றில்தான் பெரிபெரி. தீட்டிய அரிசி கொடுத்த 51 சிறைகளில் 36-ல் பெரிபெரி. இரண்டும் கலந்து கொடுத்த 13-ல் 6. இவ்வளவு இருந்தும் ஐக்மன் என்ன முடிவுக்கு வந்தார்? வெள்ளை அரிசியின் மாவுப்பொருள் வயிற்றில் ஏதோ விஷத்தை உண்டாக்குகிறது, தவிட்டில் அதற்கு மாற்று மருந்து இருக்கிறது என்றார்! அவருக்கும் 'நுழைந்தது என்ன' என்பதிலிருந்து வெளியே வர முடியவில்லை. அவருக்குப் பிறகு அந்த வேலையைத் தொடர்ந்த கெரிட் கிரைன்ஸ் 1901-ல் தான் நேராகச் சொன்னார்: விஷம் எதுவும் இல்லை, உடம்புக்குத் தேவையான ஏதோ ஒன்று தவிட்டோடு போய்விடுகிறது.

இனி நம் ஆட்கள் வருகிறார்கள். ஜாவாவுக்கு வடக்கே கடல் தாண்டினால் மலாயா. அங்கே தகரச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள், ரப்பர் தோட்டங்களிலும் சாலை, ரயில் வேலைகளிலும் தமிழர்கள், கிராமங்களில் மலாய்க்காரர்கள். மூவருக்கும் முக்கிய உணவு சோறுதான். ஆனால் பெரிபெரி சீனர்களைத்தான் வாரிக்கொண்டு போனது. அப்படியானால் சோறு எப்படிக் காரணமாக இருக்க முடியும்? இந்தப் புதிரை நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் கவனித்து, 1907-ல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். சீனர்கள் தின்றது சயாமிலிருந்து வந்த, மில்லில் தீட்டிய பச்சரிசி. மலாய்க்காரர்கள் வீட்டில் குத்திய அரிசி. தமிழர்கள் தின்றது? புழுங்கல் அரிசி!

இதை நேரடியாகச் சோதித்தவர் வில்லியம் பிளெட்சர். கோலாலம்பூர் மனநல விடுதியில் இருந்தவர்களை வரிசை எண்படி இரண்டாகப் பிரித்தார். 1905 டிசம்பரிலிருந்து ஓராண்டுக்கு மேல், 120 பேருக்குச் சயாம் பச்சரிசி, 123 பேருக்குப் புழுங்கல். மற்ற எல்லாம் ஒன்றுதான். இடம்தான் காரணமோ என்ற சந்தேகம் வராமலிருக்க, நடுவில் இரண்டு குழுக்களின் கூடங்களையும் மாற்றினார். முடிவில் பச்சரிசிக் குழுவில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பெரிபெரி, 18 பேர் மரணம். புழுங்கல் குழுவில் இரண்டே பேர், இருவரும் வரும்போதே நோயோடு வந்தவர்கள், மரணம் இல்லை. சோதனை முறை என்று பார்த்தால் அந்தக் காலத்துக்குப் பிரமாதம். ஆனால் அந்தப் 18 பேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை. புள்ளிவிவரப் பாடத்தில் இதை நல்ல உதாரணமாகச் சொல்லும்போது இந்த வரியையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அதை உறுதி செய்ய பிரேசரும் ஸ்டான்டனும் காட்டுக்குள் சாலை போட்ட முந்நூறு ஜாவானியத் தொழிலாளர்களிடம் இன்னொரு சோதனை செய்தார்கள். பச்சரிசிக் குழுவுக்கு நோய் வந்ததும் அரிசியை மாற்றிப்போட்டார்கள். நோயும் மாறியது. 1909-ல் முடிவு வெளியானது.

புழுங்கலில் அப்படி என்னதான் இருக்கிறது? நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் இருக்கிற பி1 தண்ணீரில் கரைந்து அரிசியின் உள்ளே இறங்குகிறது. பிறகு காயவைத்து மில்லில் தீட்டினாலும் உள்ளே இறங்கியது அப்படியே தங்கிவிடும். பச்சரிசியில் அது வெளித்தோலிலேயே இருப்பதால், தீட்டினால் தவிட்டோடு மாட்டுக்குப் போகும். மிச்சம் இருப்பதிலும் ஒரு பங்கு அரிசி களைந்த தண்ணீரில் போய்விடும். இன்னொரு ஆச்சரியம்: இந்த பி1 மாவுப்பொருளை எரித்துச் சக்தியாக்கத் தேவைப்படுவது. அதாவது சோறு எவ்வளவு அதிகமாகத் தின்கிறோமோ, அவ்வளவு அதிகமாக அது தேவை. உடம்பில் இருக்கிற சேமிப்போ சில வாரங்களுக்குத்தான். 900 கிராம் அரிசி தின்ற ஜப்பானியச் சிப்பாய் ஏன் அவ்வளவு சீக்கிரம் விழுந்தான் என்பது இப்போது புரிகிறதா?

இந்த இடத்தில் யாராவது 'பார்த்தீர்களா, வைட்டமின் பற்றி நம் முன்னோர்களுக்கு அன்றே தெரியும்' என்று ஆரம்பிப்பார்கள். தெரியாது ஐயா! நெல்லை அவித்தால் உமி எளிதாகக் கழலும், குத்தும்போது நொய்யாகாமல் முழு அரிசியாக வரும், நாள்பட இருக்கும். அதற்காகத்தான் அவித்தார்கள். உயிர் பிழைத்தது கூடக் கிடைத்த லாபம். தெரிந்து செய்திருந்தால், அதே சென்னை மாகாணத்தின் வடக்கே, இன்றைய ஆந்திரக் கடலோர மாவட்டங்களில், பச்சரிசி தின்றவர்களிடையே பெரிபெரி ஏன் நிலைத்திருந்தது? 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் பெரிபெரி ஆய்வைத் தொடங்கியது சும்மா இல்லை. அந்த அறைதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1912-ல் காசிமிர் பங்க் 'வைட்டமின்' என்ற சொல்லை உருவாக்கினார். 1926-ல், ஐக்மனின் அதே பட்டேவியா ஆய்வுக்கூடத்தில், யான்சனும் டோனத்தும் தவிட்டிலிருந்து அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார்கள். 1936-ல் அதைச் செயற்கையாகத் தயாரித்தவர் ராபர்ட் வில்லியம்ஸ், மிஷனரிப் பெற்றோருக்கு நெல்லூரில் பிறந்த அமெரிக்கர். அவர் வேலை பார்த்தது ஒரு தொலைபேசி ஆய்வுக்கூடத்தில், வைட்டமின் ஆராய்ச்சி பெரும்பாலும் ஓய்வு நேரத்தில்! 1929-ல் ஐக்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது, இன்னொரு ஆராய்ச்சியாளரான ஹாப்கின்ஸோடு சேர்த்து. காரணத்தைச் சரியாகச் சொன்ன கிரைன்ஸுக்குக் கிடைக்கவில்லை. தாகாகியோ 1920-லேயே காலமாகியிருந்தார். அவர் பெயரில் அண்டார்க்டிகாவில் ஒரு நிலமுனை இருக்கிறது.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2003-ல் இஸ்ரேலில் சில கைக்குழந்தைகள் வாந்தியும் வலிப்புமாக மருத்துவமனைகளுக்கு வந்தன. மருத்துவர்கள் துருவி விசாரித்ததில், எல்லாக் குழந்தைகளும் குடித்தது ஒரே சோயா பால்மாவு என்று தெரிந்தது. அந்த மாவில் கலப்படம் இல்லை, விஷம் இல்லை, கிருமி இல்லை. பி1 இல்லை. தயாரிப்பு முறையை மாற்றியபோது அதைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். சில குழந்தைகள் இறந்தன, பிழைத்தவற்றில் சில வாழ்நாள் முழுவதற்கும் பாதிக்கப்பட்டன. டப்பாவின் மேல் ஒட்டியிருந்த பட்டியலில் மட்டும் பி1 இருந்தது, அளவோடு.